பிலோமினா அக்காவின் ஐந்தரை மணிப் பிரதி

செய்திக்கு முன்னால் ஒரு கேள்விதான் வந்தது. சிந்தாதிரிப்பேட்டையிலிருந்து ஏழுமலை அண்ணன் தொலைபேசியில் கூப்பிட்டார். அசோக் நகரில் எங்கள் வீட்டில் மகனுக்குப் பருப்புச் சாதம் ஊட்டிக்கொண்டிருந்தேன். "மணி ஏழாவுதுமா. அக்கா இன்னும் வர்ல. ஒரு நாளும் இப்டி ஆனதில்ல" என்றார். மவுண்ட் ரோட்டில் நெரிசலாக இருக்கும் என்று சொல்லி வைத்துவிட்டேன். என் குரலில் எரிச்சல் இருந்திருக்கும். மூன்று வாரமாக நானும் பிலோமினா அக்காவும் வேலைக்கு வேண்டியதைத் தவிர ஒரு சொல் பேசிக்கொள்ளவில்லை. அரை மணி கழித்து மறுபடி மணி அடித்தது. இந்த முறை போலீஸ்காரர். தேனாம்பேட்டைக்குப் பக்கத்தில் ஒரு தண்ணீர் லாரி பின்னாலிருந்து அக்காவின் மொபெட்டை அடித்து, நிற்காமல் இருபதடி இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. கைப்பையில் எங்கள் அலுவலக அட்டை இருந்ததாம். "நீங்க அவங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டார். பங்குதாரர் என்று சொன்னேன். அது போதாத சொல் என்று சொல்லும்போதே தெரிந்தது.

நம் சங்க இதழைப் படிக்கும் உங்களில் பெரும்பாலோர் அவரை அறிவீர்கள். பாதிப் பேர் அவரிடம் திட்டு வாங்கியிருக்கிறீர்கள். ஒருவர் மேல் சூடான காப்பியும் விழுந்திருக்கிறது. வீட்டில் இந்த இதழைப் புரட்டிப் பார்க்கிறவர்களுக்காகச் சிறிது சொல்கிறேன். இணையத்தில் ஒரு கடைக்கு ஒரு பெயர் வேண்டும். அந்தப் பெயர் யாருடையது, அதைக் கேட்டால் எந்தக் கணினிக்குப் போகவேண்டும், அதற்கு வரும் கடிதம் எந்தப் பெட்டியில் விழவேண்டும் என்று ஒருவர் பட்டியல் வைத்திருக்க வேண்டும். அந்தப் பட்டியல் இருக்கும் இடம்தான் பதிவகம். நம் சங்கம் நாலைந்து சின்னப் பெயர்களை வாங்கி வைத்து, ஒவ்வொன்றின் கீழும் சென்னைக் கடைகளுக்குப் பெயர் கொடுக்க ஓர் உறுப்பினருக்கு அனுமதி தந்தது. அதில் ஒன்று எங்களுடையது. தி.நகரில், உஸ்மான் ரோட்டை ஒட்டிய சந்தில், பாத்திரக் கடைக்கு மேல் மாடி. இரண்டு மேசை, ஒரு கணினி, ஒரு தொலைபேசி, நாங்கள் இருவர்.

பிலோமினா அக்கா சாந்தோம்காரர். அப்பாவும் அம்மாவும் பள்ளி ஆசிரியர்கள். அவருக்கும் அந்த வேலைக்குப் படிப்பு இருந்தது. ஆனால் கை நீளம், சட்டென்று அடித்துவிடுவேன், பள்ளிக்கூடத்தில் நிற்கமுடியவில்லை என்று அவரே சொல்லிச் சிரிப்பார். அந்தக் கையை நான் முதலில் பார்த்தது அப்பள வியாபாரிகளின் விவகாரத்தில். மயிலாப்பூரில் அண்ணனும் தம்பியும் சேர்ந்து நடத்திய கம்பெனி பிரிந்துவிட்டது. பெயர் அண்ணன் பேரில் பதிவாகியிருந்தது. தம்பி இரண்டு தடியன்களோடு மாடியேறி வந்து, பெயரைத் தன் பேருக்கு மாற்றச் சொன்னார். அண்ணன் வந்து எழுதிக் கொடுக்கட்டும் என்றார் அக்கா. தம்பி மேசைக்கு மேலே எட்டி அவர் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினார். அக்கா இன்னொரு கையால் தொலைபேசியின் ரிசீவரை எடுத்து ஒரே அடி. உதடு கிழிந்து பல்லெல்லாம் ரத்தம். தடியன்கள் என்ன செய்வதென்று தெரியாமல் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பிறகு அக்காவே கூஜாவிலிருந்து தண்ணீர் ஊற்றி, கைக்குட்டையை நனைத்துக் கொடுத்தார். "பேரு உங்கண்ணனோடது. எனக்கும் சொந்தமில்ல, உனக்கும் சொந்தமில்ல. நான் வெறும் காவக்காரி" என்றார். அந்தத் தம்பி கைக்குட்டையைத் திருப்பிக் கொடுக்கவேயில்லை.

அவருக்கு ஒரு பழக்கம் இருந்தது. அதை நான் நிறையக் கேலி செய்திருக்கிறேன். சரியாக மாலை ஐந்தரைக்கு, யார் வந்து உட்கார்ந்திருந்தாலும், தொலைபேசி இணைப்பைத் துண்டித்துவிட்டுப் பட்டியல் முழுவதையும் ஒரு ஃப்ளாப்பித் தட்டில் பிரதி எடுப்பார். ஏழு ஃப்ளாப்பிகள், ஏழு கிழமைகள். ஞாயிற்றுக்கிழமைக்கும் ஒன்று, பூசை முடிந்து அலுவலகத்துக்கு வந்து எடுத்துக்கொண்டு போவார். பென்சிலால் கிழமையை எழுதி, அன்றைய ஃப்ளாப்பியை வீட்டுக்குக் கொண்டுபோய் பிஸ்கட் டின்னில் வைப்பார். முன்னூற்றுச் சொச்சம் பெயர்களுக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா, நகையா வைத்திருக்கிறோம் என்பேன். "நகை போனா இன்னொன்னு செய்யலாம் வசந்தி" என்பார்.

இனி போன வருடம் நடந்தது. அப்போது எனக்கு ஏழு மாதம். எங்கள் எதிர் அறையில் இன்னொரு பதிவகம் இருந்தது. அதை நடத்தியவர் ஒரு வெள்ளிக்கிழமை கணினியை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனார், திரும்பவில்லை. அவரிடம் பெயர் வாங்கியவர்களுக்கு வரவேண்டிய கடிதங்கள் எல்லாம் சேர இடமில்லாமல் அனுப்பியவர்களிடமே திரும்பின. அடுத்த செவ்வாய்க்கிழமை பத்துப் பன்னிரண்டு பேர் படியேறி வந்தார்கள். எதிர் அறையில் பூட்டுத் தொங்கியது. எங்கள் பலகையிலும் சங்கத்தின் பெயர் இருந்தது. அவர்களுக்கு அது போதும்.

முன்னால் நின்றவர் ஏழுமலை. சிந்தாதிரிப்பேட்டையில் தோல் பை தைத்து வெளிநாட்டுக்கு அனுப்புகிறவர். ஆர்டர் எல்லாம் அந்தப் பெயருக்கு வரும் கடிதத்தில்தான். "எங்க பேரு எங்க கீது?" என்றார். அது எதிர் அறைக்காரரிடம் இருந்தது, எங்களுக்குச் சம்பந்தமில்லை என்று அக்கா சொல்லி முடிப்பதற்குள், "ரெண்டு பேரும் ஒரே போர்டுதான மாட்டிகினு கீறீங்க" என்று இரும்பு ஸ்டூலைத் தூக்கிக் கணினியின் முகத்தில் இறக்கினார். வெடித்த மாதிரி ஒரு சத்தம். கண்ணாடித் தூள் என் புடவை மடிப்பிலெல்லாம் விழுந்தது. ஒருவர் வயர்களைப் பிய்த்தார். இன்னொருவர் பெட்டியைத் தூக்கி மாடிப்படியில் உருட்டிவிட்டார். அது ஒவ்வொரு படியிலும் மோதி இறங்குவது கேட்டது. யாரோ என் தோளைப் பிடித்துத் தள்ளினார்கள். அக்கா என்னைக் குளியலறைக்குள் தள்ளி, வெளியே தாழ்ப்பாள் போட்டு, கதவுக்கு முதுகைக் கொடுத்து நின்றுகொண்டார்.

கவிழ்த்து வைத்த வாளியின் மேல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கதவு தடதடவென்று அதிர்ந்தது. ஒவ்வொரு அதிர்வும் அவர் முதுகு வாங்கிய அடி என்று எனக்குத் தெரியும். எவ்வளவு நேரம் என்று தெரியாது. திறந்தபோது அவர் புருவத்துக்கு மேல் பிளந்து, ரத்தம் கழுத்துச் சங்கிலிச் சிலுவைவரை வழிந்திருந்தது. கையில் ஸ்டீல் ஸ்கேல். அதிலும் ரத்தம், அது அவருடையதல்ல. "வயித்துல உதைக்குதா?" என்று கேட்டார். உதைக்கிறது என்றேன். "அப்ப சரி. எழுந்திரு, வேலை இருக்கு."

இரண்டு நாளில் ஒரு கணினியை இரவல் வாங்கி, பிஸ்கட் டின்னில் இருந்த திங்கட்கிழமையை அதில் போட்டோம். எங்களிடம் பெயர் வாங்கியவர்கள் ஒருவருக்கும் ஒன்றும் போகவில்லை. அவர்களில் பலருக்கு எங்கள் அலுவலகம் நொறுங்கியதே தெரியாது. எதிர் அறைக்காரரிடம் வாங்கியவர்களுக்கு எல்லாம் போயிற்று. அவரிடம் பிரதி இல்லை. இருந்தாலும் அதையும் எடுத்துக்கொண்டு போயிருப்பார்.

நெற்றிக் கட்டோடு அக்கா அடுத்த வாரம் என்னையும் இழுத்துக்கொண்டு சிந்தாதிரிப்பேட்டைக்குப் போனார். போலீஸில் சொல்லவேண்டும் என்று நான் அழுதுகொண்டே வந்தேன். ஏழுமலை அண்ணனின் பட்டறையில் தையல் இயந்திரங்கள் சும்மா இருந்தன. கடிதம் திரும்பி வந்ததால், வெளிநாட்டுக்காரர் ஆர்டரை வேறு ஊருக்குக் கொடுத்துவிட்டாராம். எங்களைப் பார்த்ததும் அவர் எழுந்து நின்றார், அடி வாங்கத் தயாராக நிற்பவர் மாதிரி. அக்கா பையிலிருந்து அன்றைய ஃப்ளாப்பியை எடுத்து அவர் முன்னால் வைத்தார். இனி இது இங்கேதான் இருக்கும், தினமும் ஆறு மணிக்குக் கொண்டுவருவேன், பழசைத் திருப்பித் தரவேண்டும், எனக்கு ஏதாவது ஆனால் இதை எடுத்துக்கொண்டு வசந்தியிடம் போகவேண்டும் என்றார்.

"ஒன்ன அட்ச்சவன் கைல குடுக்கிறியேக்கா. இன்னா நம்பிக்க?"

"நம்பிக்கையெல்லாம் ஒண்ணுமில்ல நைனா. பேரு போனா என்ன ஆவும்னு உனக்குத்தான் தெரியும். தெரிஞ்சவன் தொலைக்கமாட்டான்."

அன்று அவரும் எங்களிடம் ஒரு பெயர் பதிந்துகொண்டார். திரும்பும்போது பஸ்ஸில், உனக்குப் பைத்தியம் என்று அக்காவிடம் சொன்னேன். ஆமாம் என்று தலையாட்டினார்.

இப்போது நுழைவுக் கட்டணத்துக்கு வருகிறேன். அந்தக் கலவரத்துக்குப் பிறகுதான் சங்கத்தில் அந்தப் பேச்சு எழுந்தது. பதிவகம் நடத்த விரும்புகிறவர், ஏற்கெனவே நடத்துகிறவரும்தான், திரும்பி வராத கட்டணமாக இரண்டு லட்சம் கட்டவேண்டும் என்று ஒரு மனு. நம் தலைவர் ரங்கநாதன் சார் இதைக் கெட்ட எண்ணத்தில் கொண்டுவரவில்லை. மயிலாப்பூரில் அவர் வீட்டுக் கூடத்தில் நடந்த கூட்டத்தில் அவர் சொன்னது எனக்கு நியாயமாகவே பட்டது. "வாசப்படி உசரமா இருந்தாத்தான் கண்டவனும் நுழையமாட்டான். கையை விட்டு ரெண்டு லட்சம் போட்டவன் சொல்லாம கொள்ளாம ஓடிப்போயிடுவானா?"

அக்கா எழுந்தார். "அவன் போட்டிருப்பான் சார். எதிர் ரூம்காரன் வட்டிக்கு வாங்கியாவது போட்டிருப்பான். அந்த வட்டியையும் ஏழுமலைகிட்டதான் கறந்திருப்பான். போட முடியாதவ நான்தான். வாசல்ல ரெண்டு காவக்காரன நிறுத்திட்டுக் கொல்லைக் கதவத் திறந்து வெக்கிறீங்க. ஓடறவன் வாசல் வழியாவா ஓடுவான்?" கட்டணமே கூடாது என்று அவர் சொல்லவில்லை. ஒருவரின் இயந்திரத்தையும் பட்டியலையும் சோதித்துப் பார்க்கச் சங்கத்துக்கு என்ன செலவாகுமோ அதை வாங்குங்கள் என்றார். "செலவுக்கு வாங்குங்க. பயமுறுத்த வாங்காதீங்க." பின்வரிசையிலிருந்து ஒருவர், இரண்டு பொம்பளைகள் வடாம் பிழிகிற மாதிரி இதை நடத்தலாம் என்று நினைக்கிறார்கள் என்றார். காப்பி விழுந்தது அப்போதுதான். டம்ளரும் கூடவே போனது. அந்த ஆளின் நெற்றியில் புடைத்ததை ரங்கநாதன் சார் வீட்டு மாமி வெண்ணெய் தடவி அமுக்கினார். கூட்டம் கலைந்தது.

நான் அந்த மனுவில் கையெழுத்துப் போட்டேன். அக்காவுக்குத் தெரியாமல் போட்டேன். காரணத்தை மறைக்க விரும்பவில்லை. குழந்தை பிறந்ததிலிருந்து எனக்கு எல்லாவற்றிலும் பயம். தூங்குகிறவன் மூக்கருகே விரல் வைத்துப் பார்ப்பேன். மாடிப்படியில் இரண்டு பேர் சேர்ந்து ஏறினாலே வாய் உலர்ந்துவிடும். கட்டணம் வைத்தால் ஓடுகிற ஆட்கள் வரமாட்டார்கள், ஸ்டூலைத் தூக்குகிற ஆட்களும் வரமாட்டார்கள் என்று நினைத்தேன். எங்கள் இரண்டு லட்சத்தை என் கணவர் அலுவலகத்தில் கடன் வாங்கித் தருவதாகச் சொல்லியிருந்தார். அக்காவின் பங்கையும் சேர்த்து.

மனுவின் நகல் அலுவலகத்துக்குத் தபாலில் வந்தது. அக்கா படித்து, என் பெயரைப் பார்த்து, அதைச் சுவரில் குத்தி வைத்தார். பேச்சை நான்தான் ஆரம்பித்தேன். பணத்தைப் பற்றிக் கவலை வேண்டாம், அவர் தருகிறார், உங்கள் பாதியை மெதுவாகக் கொடுங்கள் என்றேன். "ஆக, இனிமே நான் உன் வீட்டுக்காரர்கிட்ட வேலை பார்க்கணும்" என்றார். மேசைமேல் இருந்த ஸ்டேப்ளர் பறந்தது. சுவரில் மோதிக் காரை பெயர்ந்தது. அந்தச் சுவரோரம்தான் குழந்தையைத் தூளியில் போட்டிருந்தேன். அவன் வீரிட்டான். அவனைத் தூக்கிக்கொண்டு, "என் குழந்தையைக் கொல்லப் பார்த்தீங்க" என்று கத்தினேன். அக்காவின் முகம் சாம்பல் மாதிரி ஆயிற்று. ஏழு மாதத்தில் அந்தக் குழந்தைக்காகக் கதவில் முதுகைக் கொடுத்தவரிடம் நான் மனம்விட்டுச் சொன்ன கடைசி வார்த்தை அதுதான். அதற்குப் பிறகு 'அடையாறிலிருந்து விண்ணப்பம் வந்திருக்கு', 'தொலைபேசி பில் கட்டணும்', இவ்வளவே.

அவர் போனது வியாழக்கிழமை. வெள்ளிக்கிழமை காலை, அடக்கத்துக்கு முன்னால், அலுவலகத்தைத் திறந்தேன். கணினி கடவுச்சொல் கேட்டது. மாதம் பிறந்தால் அக்கா அதை மாற்றுவார்; மாற்றியதும் என் காதில் சொல்வார். இந்த மாதம் சொல்லவில்லை. நான் கேட்கவில்லை. அன்றைக்குள் புதுப்பிக்க வேண்டிய பெயர்கள் சில இருந்தன. பட்டியல் என் கண்ணெதிரே ஒரு பெட்டிக்குள் பூட்டிக் கிடந்தது. வியாழக்கிழமை ஃப்ளாப்பியைப் போலீஸ்காரர் கைப்பையோடு கொடுத்திருந்தார். லாரிச் சக்கரம் ஏறி அது இரண்டாக மடிந்திருந்தது. நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அங்கிருந்து பார்த்தபோதுதான் தெரிந்தது: காரை பெயர்ந்த இடம் தூளிக்குப் பக்கத்திலேயே இல்லை. மனுவின் நகலுக்கு நடுவில், கையெழுத்துகள் ஆரம்பிக்கிற இடத்தில், காகிதத்தோடு சேர்ந்து குழிந்திருந்தது. என்னை அடிக்காமல் என் கையெழுத்தை அடித்திருக்கிறார்.

அப்போது மாடிப்படியில் காலடிச் சத்தம். தனி ஆள். வாய் உலர்ந்தது. ஏழுமலை அண்ணன் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். கண் வீங்கியிருந்தது. சட்டைப் பையிலிருந்து பொட்டலத்தை எடுத்தார். துணியில் சுற்றி, அதன்மேல் தோல் துண்டு வைத்துத் தைத்த உறை. உள்ளே புதன்கிழமை.

"அக்கா சொல்லிகீது, எதுனா ஆனா ஒன்னாண்ட குடுக்கணும்னு."

இரவல் வாங்கிய வேறொரு கணினியில் அதைப் போட்டேன். திறந்துகொண்டது. முன்னூற்றுச் சொச்சம் பேரும் அவரவர் இடத்தில் இருந்தார்கள். வியாழக்கிழமை சேர்ந்த இரண்டு பெயர்கள் மட்டும் இல்லை. அவற்றின் விண்ணப்பங்கள் அக்காவின் இழுப்பறையில், நீல மையில், ஒழுங்காக இருந்தன. அவற்றைப் பதிந்துவிட்டுத்தான் சாந்தோமுக்குப் போனேன். குழிக்கு அருகே நின்றபோது ஒரு கைப்பிடி மண் போட்டேன். மன்னிப்புக் கேட்டேனா என்று யாரும் கேட்கவேண்டாம். கேட்க நேரம் இருந்தபோது கேட்கவில்லை.

ரங்கநாதன் சாருக்கும் சங்கத்தாருக்கும் ஒன்று சொல்லவேண்டும். பதிவகத்தை விட்டு ஓடுகிறவர்களைப் பற்றியே நாம் பேசிக்கொண்டிருந்தோம். செத்துப்போகிறவர்களும் உண்டு. ஒரு நாணயமானவர், ஒரு நாளும் ஓட நினைக்காதவர், மாலை ஐந்தே முக்காலுக்குத் தேனாம்பேட்டையில் செத்துப்போகலாம். இரண்டு லட்சம் கட்டியிருந்தால் அந்த லாரி நின்றிருக்குமா? நாங்கள் கட்டியிருந்தால் வெள்ளிக்கிழமை காலை அந்தப் பெட்டி திறந்திருக்குமா? பெயர்களைக் காப்பாற்றியது ஒரு பிரதி. அதைக் காப்பாற்றியது, அது தொலைந்தால் நஷ்டப்படப் போகிற ஒரு மனிதரின் கை. கட்டணத்துக்குப் பதிலாக விதி ஒன்று எழுதுங்கள்: பதிவகம் நடத்துகிற ஒவ்வொருவரும் தினமும் பட்டியலின் பிரதியைத் தம்மிடம் பெயர் வாங்கியவர் ஒருவரிடம் ஒப்படைக்க வேண்டும். மனுவில் என் கையெழுத்தை அடித்துவிடுங்கள். எங்கள் சுவரில் இருக்கும் நகலில் அது ஏற்கெனவே அடிபட்டுவிட்டது.

அக்காவுடையதாக என்னிடம் இருப்பவை ஆறு ஃப்ளாப்பிகள், ஒரு ஸ்டீல் ஸ்கேல், சுவரில் ஒரு குழி. குழியைப் பூசவேண்டாம் என்று வீட்டுச் சொந்தக்காரரிடம் சொல்லியிருக்கிறேன். அவற்றோடு மாலை ஐந்தரை மணியும் இருக்கிறது. அடக்கம் முடிந்து எல்லோரும் வீட்டுக்குப் போனபிறகு நான் தி.நகருக்குத் திரும்பி, இணைப்பைத் துண்டித்து, பிரதி எடுத்தேன். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். தேனாம்பேட்டையில் சாலையில் இன்னும் மணல் கொட்டி வைத்திருந்தார்கள். பக்கத்தில் ஒரு தண்ணீர் லாரி, தளும்பித் தளும்பி, ஒலியெழுப்பிக்கொண்டே வந்தது. மகனின் தலையை என் தோளில் அழுத்திக்கொண்டேன். பயம் போகவில்லை. பயத்தோடுதான் இறங்கினேன், பயத்தோடுதான் ரோட்டைக் கடந்தேன்.

ஏழுமலை அண்ணன் பட்டறை வாசலில் நின்றிருந்தார். உள்ளே இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. "ஆறு பத்து. லேட்டு" என்று சொல்லிக் கையை நீட்டினார். ஸ்டூலைத் தூக்கிய கை அது. வெள்ளிக்கிழமையை அதில் வைத்தேன்.